1-ஆம் தேதி பணம் வேண்டாம்

கண்ணா,

இந்த மாதமும் 1-ஆம் தேதி பணம் வந்துவிட்டது. போன மாதத்தைவிடக் கூடுதலாகவே அனுப்பியிருக்கிறாய். நீதான் மூன்று மாதமாகப் பேசவில்லை. கூப்பிட்டால் "மீட்டிங்" என்று ஒரு வார்த்தை வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் மீட்டிங்கா? சரி, இருக்கும். ஆபரேஷன் செய்த கண் எனக்கு நன்றாகத் தெரிகிறது. பொடி எழுத்துகூடப் படிக்க முடிகிறது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பாவோடு வேலை பார்த்தவர் மகனுக்குக் கடன் தொல்லையாம். என்னிடம் யோசனை கேட்டார்கள். அவனுடைய கிரெடிட் கார்டு பில்லைக் காட்டினார்கள். மாதம் 3 சதவீதம் வட்டி என்று மூலையில் போட்டிருந்தது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 100 கடன் இருந்தால் குறைந்தபட்சத் தொகை என்று 5 கேட்கிறார்கள். அதில் 3 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது வெறும் 2. புதிதாக எதுவும் வாங்காமல் இப்படியே மூன்று வருஷம் கட்டினாலும் ஏறக்குறைய பாதிக் கடன் மிச்சம் நிற்கிறது. ஒன்றுமே கட்டாவிட்டால் 24 மாதத்தில் இரண்டு மடங்கு. மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டில் எடுத்திருக்கிறான். அதை அடைக்கப் போனிலேயே ஏதோ ஆப்பில் கடன். என்ன முட்டாள்தனம்! நீ அப்படிச் செய்கிறவன் இல்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன்.

அவனுக்காக ஒரு வக்கீலிடமும் போய்க் கேட்டேன். வசூலுக்குப் பேசுகிறவன் ஜெயில் ஜெயில் என்கிறானே, நிஜமா என்று. வாங்கியதைத் திருப்ப முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் போடக் கூடாது என்று 1966-லேயே ஐ.நா. உடன்படிக்கையில் இருக்கிறதாம், 11-ஆவது பிரிவு. ஏமாற்றி வாங்கியிருந்தால் அது வேறு கதை. கார்டு கடனுக்கு ஈடு கிடையாது, வீட்டுக் கடனுக்கு வீடே ஈடு. அதனால் கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எதை முதலில் கட்டுவது என்று யோசிக்க வேண்டும். எவன் அதிகமாகக் கத்துகிறானோ அவனுக்கு முதலில் என்று போகக் கூடாது.

வேறு வழியே இல்லை என்றால் திவால் மனு. பெரும்பாலான இடங்களில் கோர்ட் மனுவை ஏற்றதும் ஆளாளுக்குத் துரத்துவது நிற்குமாம். ஆனால் எல்லாம் அழிந்துவிடாது. பிள்ளைக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம், கோர்ட் அபராதம் போன்றவை அப்படியே நிற்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவனையும் விடமாட்டார்கள். சொந்தக்காரனுக்கு மட்டும் முதலில் கொடுத்துத் தீர்ப்பது, இருப்பதை அம்மா பேருக்கு எழுதிவைப்பது, இதையெல்லாம் கோர்ட் தோண்டி எடுத்து ரத்து செய்யுமாம்.

அம்மா பேருக்கு.

போதும் கண்ணா. அப்படி ஒரு பையன் இல்லை. பில் உன் பேரில் இந்த விலாசத்துக்கு வந்தது. பிரித்துவிட்டேன், தப்புதான். அதற்கு முந்தின வாரம் ஒருவன் போனில் உன்னைக் கேட்டான். மரியாதையாகப் பேசவில்லை.

அந்த பில்லில் ஒரு வரி. கார்டில் ரொக்கம் எடுத்தது, 30-ஆம் தேதி. மறுநாள் எனக்கு வந்த அதே தொகை. ரொக்கமாக எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும் என்று கீழே எழுதியிருக்கிறது. நான் கேட்டேனா உன்னிடம்? அதையும் சொல்ல முடியவில்லை. "என் பிள்ளை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை" என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தது நான்தானே, உன் காதுபடவே.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். மாமா திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு வாசலில் வந்து நின்றானே. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாய். "ஊரான் காசைத் தின்றவனுக்கு இங்கே இடமில்லை" என்றேன். உனக்கு வாங்கிவந்த கலர் பென்சில் டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அதை எடுக்கக்கூட உன்னை நான் விடவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நான் அப்பாவுக்குத் தெரியாமல் தவணையில் வாங்கி வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். வளையல் பாலிஷ் போடப் போயிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேனே, அது அடகுக் கடையில் இருந்தது. மீட்டுக் கொடுத்தவன் மாமா. கடன் வாங்கித்தான் மீட்டான். கோர்ட்டில் அவன் எழுதிக் கொடுத்த கடன்களில் அதுவும் ஒன்று. அவன் வாசலில் நின்றபோது அந்த வளையல் என் கையில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். உன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வந்த கவரையெல்லாம் பிரிச்சானான்னு கேளுக்கா. நான் எட்டு மாசம் பிரிக்காம பீரோவுக்கு அடியில தள்ளி வச்சிருந்தேன்" என்றான். எல்லாவற்றையும் பிரித்து, எவனுக்கு எவ்வளவு, என்ன வட்டி, எதற்கு ஈடு என்று ஒரே தாளில் எழுத வேண்டுமாம். உன் கூட உட்கார்ந்து எழுத அவனே வருகிறேன் என்கிறான். நானும் வரட்டுமா?

1-ஆம் தேதி பணம் அனுப்பாதே. நீ அனுப்பியதெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், செலவானது போக மீதி பாங்கில்தான் கிடக்கிறது. இன்னொரு கார்டு வாங்காதே. பணம் அனுப்பாதே. போன் பண்ணு. பதினொரு மணி ஆனாலும் பண்ணு, நான் தூங்குவதில்லை.

அம்மா