அன்று மூன்று நட்சத்திரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில், நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ’ ஆல்பத்தைப் பற்றிய கட்டுரை படித்தேன். அந்த இசையை உயிராக நேசிக்கிறவர் எழுதியது என்று வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் அது வெளிவந்த நாளிலேயே விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆல்பம் என்று வந்திருப்பது சரியல்ல.

1998 பிப்ரவரியில் அது வெளியானபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் பத்துக்கு 8.7 போட்டது. மோசமான மதிப்பெண்கள் அல்ல. ஆனால் காலத்தால் அழியாத படைப்பு என்று யாரும் அன்று அறிவித்துவிடவில்லை. வெளியிட்ட மெர்ஜ் ரெக்கார்ட்ஸே சுமார் 7,000 பிரதிகள் போகும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தது. அதே பிட்ச்ஃபோர்க், 2005இல் மறுவெளியீடு வந்தபோது முழுசாகப் பத்து கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் பாடல்களில் எதுவும் மாறவில்லை. குழுவும் 1998 சுற்றுப்பயணத்தோடு ஒதுங்கிவிட்டது. கேட்டவர்கள் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டிக் காட்டித்தான் அந்த ஆல்பம் பரவியது.

முதலில் கேட்டவர்கள் தயங்கியதில் எனக்கு வியப்பே இல்லை. குழுவின் பாடகர் ஜெஃப் மேங்கமின் குரல் எட்டாத சுருதிக்கு எம்பி, உடைகிற இடத்திலும் நிற்காமல் போகிறது. அக்கூஸ்டிக் கிட்டார்தான், ஆனால் ஒலிப்பதிவில் அது கரகரத்துப் பிளிறுகிறது. பின்னால் பித்தளைக் கருவிகள், வில்லால் இழைத்து வாசிக்கிற ரம்பம். இரண்டாவது பாட்டில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இயேசுவை நோக்கி ஒரு நீண்ட கதறல். ஆன் ஃபிராங்கின் டைரியைப் படித்த துயரம் வேறு ஆல்பம் நெடுகப் படர்ந்திருக்கிறது. இவ்வளவையும் ஓரிரு தடவை கேட்டுவிட்டு, அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் தீர்ப்பு எழுது என்றால் யாராக இருந்தாலும் மூன்று நட்சத்திரத்தில்தான் நிற்பார்கள். அந்தத் தயக்கம் நேர்மையானது. அதை மறைத்து, எல்லோரும் உடனே கண்டுகொண்டார்கள் என்று எழுதினால், இன்று ஒரு புதிய ஆல்பம் பிடிபடாமல் போகும் வாசகர் அது ஆல்பத்தின் குறை என்று முடிவுகட்டிவிடுவார். இதுதான் என் கவலை.

மறுபக்கமும் உண்டு. இன்டர்போல் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு 2002இல் 9.5 கொடுத்த பிட்ச்ஃபோர்க், 2021இல் தன் பழைய மதிப்பெண்களைத் திரும்பிப் பார்த்தபோது அதை 7.0 என்றது. (எனக்கு அந்த முதல் 9.5தான் சரியாகப் படுகிறது.)

பெரிய நிறுவனத்தின் பாடகருக்கு ஒரு மோசமான விமர்சனம் பெரிய சேதம் செய்யாது, விளம்பரம் தாங்கிக்கொள்ளும். பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி குழுவுக்கு அந்தத் தாங்கல் கிடையாது. இண்டி பாடகர் டிராவிஸ் மோரிசன் 2004இல் தனியாகக் கொண்டுவந்த ‘டிராவிஸ்டன்’ ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 0.0 போட்டதும், அதுவரை ஆர்வம் காட்டிய கல்லூரி வானொலிகளே பின்வாங்கின. அந்த ஆல்பம் எனக்கும் பெரிதாகப் பிடிக்காது. அதற்காக ஒரு மனிதரின் உழைப்பைப் பூஜ்யம் என்று எழுதும் உரிமை விமர்சகருக்கு எங்கிருந்து வந்தது?

நம் இதழிலும் அண்மைக்காலமாக விமர்சனத்தின் தலைமாட்டில் நட்சத்திரப் பெட்டி வருகிறது. கட்டுரையைப் படிக்கும் முன்பே கண் அதில் போய் நின்றுவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விமர்சகர் தன் காதில் விழுந்ததை இன்னும் ஒரு பத்தி எழுதட்டும். ஓராண்டு கழித்து அதே ஆல்பத்துக்கு மீண்டும் அரைப் பக்கம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. முதல் விமர்சனத்தையும் அதன் பக்கத்திலேயே, ஒரு சொல் திருத்தாமல், தேதியோடு அச்சிடுங்கள்.

1998 வரவேற்பு குறித்த திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்