ரின்யூவலுக்கு எதற்கு புரோக்கர் கமிஷன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் வாடகை ஏறுவதைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. வீடு கிடைப்பதில் உள்ள பாடு, பத்து மாத அட்வான்ஸ், ‘வெஜிடேரியன் மட்டும்’ போர்டு எல்லாம் பேசித் தீர்த்த விஷயங்கள். ஆனால் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கும் புரோக்கருக்குப் பணம் அழ வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நாங்கள் மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் அமெரிக்காவில். இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது வீட்டைப் பிடித்துக் கொடுத்த அதே புரோக்கர்தான். வீடு காட்டியதற்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுத்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வெயிலில் பைக்கில் அலைந்து நாலைந்து வீடு காட்டினார், கூலி வாங்கினார், சரி.

பதினோரு மாத அக்ரிமெண்ட் முடியப் போகிறது என்றதும் போன் வந்தது. “மேடம், ஓனர் பத்து பர்சென்ட் ஏத்தச் சொல்லிட்டாரு. நான்தான் உங்களுக்காகப் பேசி எட்டுல நிறுத்தி வச்சிருக்கேன். ரின்யூவல் சார்ஜ் அரை மாச வாடகை, ஜிபே பண்ணிடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா வேற பார்ட்டி டோக்கனோட ரெடியா இருக்கு.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். என் கணவர் ஓனருக்கு நேராக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். அவர் கேட்டது ஐந்து சதவீதம்தானாம். ‘நல்ல குடித்தனக்காரரைத் தக்கவைத்துக் கொடுப்பதற்கு’ என்று அவரிடமும் அரை மாத வாடகை கேட்கப்பட்டிருக்கிறது. அவருக்கும் அது புதுச் செய்தி இல்லை. போன வருஷம் முந்தைய குடித்தனக்காரர் இருந்தபோதும் கொடுத்திருக்கிறாராம்.

இந்த அரை மாதப் பணத்துக்கு புரோக்கர் செய்த வேலை என்ன? பழைய அக்ரிமெண்ட்டின் தேதியையும் வாடகைத் தொகையையும் மாற்றி பிரிண்ட் எடுத்து அனுப்பினார். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை. மூன்றாம் பக்கத்தில் எங்களுக்கு முன்பு குடியிருந்தவரின் பெயர் அப்படியே இருந்தது. எங்கள் வாடகை 22,000 ரூபாய். அதாவது தேதி மாற்றிய கூலி 11,000.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவும் இல்லை. சனிக்கிழமை காலை, குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் காலிங் பெல். வாசலில் புரோக்கர், அவர் பின்னால் ஓர் இளம் தம்பதி. “சும்மா பாத்துட்டுப் போயிடுவாங்க மேடம்” என்றபடியே உள்ளே வந்து, பெண் தூங்கிக்கொண்டிருந்த அறைக் கதவைத் திறந்து “இது மாஸ்டர் பெட்ரூம்” என்று காட்ட ஆரம்பித்துவிட்டார். வந்த பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இப்படி ஆள் கூட்டி வருவது வீடு காட்டுவதற்காக அல்ல, எங்களைப் பயமுறுத்துவதற்காக. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதால்தான் இந்த வீட்டை விட மாட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வீடு தேடும்போது நாங்களே சொன்னதுதானே.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது ஓனருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான பேச்சு. நாம் கேட்க வேண்டும், அவர் சம்மதிக்க வேண்டும், இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளில் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதா மாதம் நீடிப்பதாகக் கருதப்படும், அதிகபட்சம் ஆறு மாதம் வரை. ஆக, ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் போடாவிட்டால் திங்கட்கிழமை நடுத்தெரு’ என்பது வெறும் மிரட்டல். வீட்டுக்குள் வருவதற்குக்கூட 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தினால் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் போகலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் அக்ரிமெண்ட்டே வேண்டாம் என்று இருந்துவிட வேண்டாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் போவதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிடும். ஆறு மாதம் என்பது மூச்சுவிட ஓர் அவகாசம், அவ்வளவுதான். அட்வான்ஸ் விஷயத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் சட்டம் சொல்கிறது. எந்த ஓனர் வேறு விதமாக எழுதாமல் இருப்பார்?

அது என்ன பதினோரு மாதக் கணக்கு என்று பல பேருக்குக் குழப்பம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினொன்று. இப்போது 2017 சட்டப்படி எவ்வளவு குறுகிய கால ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அப்படியும் பதினொன்று போகவில்லை. காரணம் சிக்கனம் மட்டுமில்லை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அறுவடை இருக்கும்போது புரோக்கர் எப்படி மூன்று வருட ஒப்பந்தத்தைச் சிபாரிசு செய்வார்? மூன்று வருடத்துக்கு எழுதி, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் ஏற்றம் என்று அதிலேயே போட்டுவிடச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு என்று கொஞ்சம் கூடுதலாக ஆகும், உண்மைதான். ஆனால் வருஷா வருஷம் இவருக்கு அழும் பணத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே.

இத்தனையும் சொல்லும் சட்டம், புரோக்கர் கமிஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் அது விற்பனைக்கு நடுவில் நிற்பவர்களுக்கு. வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவர் அதற்குள் வர மாட்டார். இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், வாடகைதாரரிடம் ஏஜென்ட் ரின்யூவல் கட்டணம் வாங்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஓனரிடம் வாங்கிக்கொள் என்கிறார்கள். நியாயம்தானே! யாருக்காக வேலை செய்கிறாரோ அவர்தான் கூலி கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஓனருக்கு மோட்டார் ரிப்பேர், பிளம்பர், மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாவற்றையும் பார்க்க உள்ளூரில் ஓர் ஆள் தேவைதான். அப்படி ஓனர் நியமிக்கும் சொத்து மேலாளரை நம் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. அவருக்குச் சம்பளம் ஓனர் கொடுக்கட்டும்.

எங்கள் விஷயம் ஐந்து சதவீத ஏற்றத்தோடு முடிந்தது. அக்ரிமெண்ட்டை ஓனர் மெயிலில் பார்த்து ஒப்புக்கொண்டார், ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன் அதிகாரப் பத்திரத்தின்பேரில் கையெழுத்துப் போட்டார். புரோக்கருக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. ஓனரின் நம்பர் எங்களிடம் இருந்ததால் இது நடந்தது. பக்கத்து பிளாக்கில் இருப்பவருக்குத் தன் ஓனரின் நம்பரே தெரியாது. வாடகைகூட புரோக்கர் சொல்லும் கணக்குக்குத்தான் போகிறது. கேட்டால் “ஓனருக்குத் தொந்தரவு பிடிக்காது” என்று பதில் வருகிறதாம்.

வீட்டு வசதித் துறைக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். வாடகை ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதியும்போது, இடையில் இருந்த புரோக்கர் யார், யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதையும் கட்டாயம் நிரப்ப வைக்க வேண்டும். ஓனரின் போன் நம்பரும் வங்கிக் கணக்கும் இல்லாத ஒப்பந்தத்தைப் பதிவுக்கு எடுக்கக் கூடாது. ரின்யூவலுக்கு வாடகைதாரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் செய்தால் நல்லது; புரோக்கர்களின் போன் அதிகமாக அடிப்பது ஏப்ரல், மே மாதங்களில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.
(பெயரை வெளியிட வேண்டாம். அந்த புரோக்கர் இதே தெருவில்தான் இருக்கிறார்.)