அழற்சி தணிந்ததா, செல் தளர்ந்ததா? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டு ஆய்வுத் திட்டங்களுக்கான விதிகளை அடுத்த முறை திருத்தும்போது நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றை முன்வைக்கவே இதை எழுதுகிறேன். சேர்வராயன் மலையிலோ அதன் அடிவாரத்திலோ பறித்த நொச்சி, முடக்கத்தான், ஆடாதோடை ஆகியவற்றின் இலைச்சாற்றுக்கு அழற்சி எதிர்ப்புத் திறன் உண்டு என்று முடியும் ஆய்வேடுகள் நம் பகுதியில் ஆண்டுதோறும் வருகின்றன. மூட்டு வீக்கத்துக்கு நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கும் ஊரில் மாணவர்கள் அத்தலைப்பை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் சாறு எந்த நொதியைத் தடுத்தது, எந்த மரபணுவின் வெளிப்பாட்டை மாற்றியது, அப்போது செல்லின் மைட்டோகாண்ட்ரியா எந்நிலையில் இருந்தது என்பவற்றுக்கு விடை இல்லாத ஆய்வேட்டில் அந்த முடிவை எழுத அனுமதிக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

முதலில் முட்டை வெண்கருச் சோதனை. வெண்கருவைச் சாற்றோடு சேர்த்துச் சூடாக்கி, கலங்கல் எவ்வளவு குறைகிறது என்று வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக்கோடு ஒப்பிடுகிறார்கள். செலவு குறைவு, ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். ஆயினும் அந்தக் குழாயில் அழற்சிக்குரிய நொதியும் இல்லை, செல்லும் இல்லை. டைக்ளோஃபெனாக் நம் உடலில் வீக்கத்தைக் குறைப்பது, அராகிடோனிக் அமிலத்தைப் புராஸ்டாகிளாண்டினாக மாற்றும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதிகளைத் தடுப்பதன் வழியாக. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்த ஆக்கத்தைத்தான் நிறுத்துகின்றன என்று ஜான் வேன் 1971-இலேயே காட்டிவிட்டார். 1982-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

சுருக்கமாகக் காக்ஸ் எனப்படும் அந்த நொதியும் ஒன்றல்ல. காக்ஸ்-1 இரைப்பைச் சவ்வையும் இரத்தத் தட்டணுக்களையும் அன்றாடம் கவனிப்பது; காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சியின்போது தூண்டப்படுவது. அமினோ அமிலச் சங்கிலியின் 523-ஆம் இடத்தில் முன்னதற்கு ஐசோலூசின், பின்னதற்கு வாலின். இந்தச் சிறு வேறுபாட்டால் காக்ஸ்-2-இல் திறக்கும் பக்கக் குழியைப் பயன்படுத்தி உருவான ரோஃபெகாக்ஸிப் என்னும் மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்தின் காரணமாக 2004-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆகவே கணினியில் பொருத்திப் பார்த்து ‘காக்ஸைத் தடுக்கிறது’ என்று எழுதுவது போதாது. இரண்டு நொதிகளுக்குமான அளவுகள் வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸுக்கும் காக்ஸ் என்ற அதே சுருக்கம் வழங்குவதால், தரவுத்தளத்தில் தேடும் மாணவர், 37 மரபணுக்கள் மட்டுமே உள்ள மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.விலிருந்து தவறான வரிசையை எடுத்து அதற்குப் பிரைமர் (மரபணுவை அளக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு) வடிவமைத்துவிடலாம். அழற்சிக்குரிய காக்ஸ்-2-இன் மரபணுவுக்கு பி.டி.ஜி.எஸ்.2, மைட்டோகாண்ட்ரிய மரபணுவுக்கு எம்.டி-சி.ஓ.2 என்று அதிகாரபூர்வக் குறியீட்டையே எழுதச் சொன்னால் இந்தக் குழப்பம் நீங்கும்.

செல் வளர்ப்பு வசதி உள்ள கல்லூரிகளில்தான் நுட்பமான சிக்கல் இருக்கிறது. எலியின் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களை, பாக்டீரியாவின் புறச்சவ்விலுள்ள எல்.பி.எஸ். என்னும் பொருளைக் கொண்டு தூண்டி, அழற்சியின் அடையாளமாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடைக் கிரீஸ் வினைபொருளால் அளக்கிறார்கள். சாறு சேர்த்ததும் அளவு குறைந்தால் மகிழ்ச்சி. ஆனால் நலிந்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகத்தான் உருவாக்கும். அந்த ஐயத்தைப் போக்க, செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்.டி.டி. என்னும் சாயச் சோதனையைச் சேர்க்கிறார்கள். 1983-இல் வெளியான அச்சோதனை உண்மையில் செல்களின் எண்ணிக்கையை அளப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவிலும் சைட்டோபிளாசத்திலும் உள்ள ஒடுக்கும் நொதிகள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் வேகத்தையே காட்டுகிறது. இலைச்சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியிலும் அச்சாயத்தை ஊதாவாக்கக்கூடியவை என்பதால், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகத் தோன்றலாம்.

மைட்டோகாண்ட்ரியா இதில் வேடிக்கை பார்க்கும் உறுப்பும் அல்ல. நைட்ரிக் ஆக்சைடே ஆக்சிஜனோடு போட்டியிட்டு சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸைத் தடுக்கும். தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜில் தேங்கும் சக்சினேட், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் புரதத்தைப் பெருக்குகிறது என்று 2013-இல் தெரியவந்தது, ஏ.சி.ஓ.டி.1 மரபணு உருவாக்கும் நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இட்டாகோனேட்டைத் தயாரிக்கிறது என்பது அறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த இட்டாகோனேட், சுவாச நொதிகளுள் ஒன்றான சக்சினேட் டிஹைட்ரஜனேஸைத் தடுத்து அழற்சியை அடக்குகிறது. சுவாச நொதிகளைத் தொடும் சாறு அழற்சியையும் தொடும் என்னும்போது, ஒன்றை மட்டும் அளந்து மற்றதைப் பற்றிப் பேச முடியாது. எனவே செல் இல்லாத குழியில் சாறும் எம்.டி.டி.யும் சேர்த்த கட்டுப்பாட்டையும், செத்த செல்லை நிறமேற்றும் டிரைபான் நீலம் அல்லது சிதைந்த செல்லிலிருந்து வெளியேறும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியின் கசிவு என்னும் இரண்டாவது அளவையும் கட்டாயமாக்குங்கள். மரபணு வெளிப்பாட்டை அளப்பவர்கள் ஜி.ஏ.பி.டி.எச். மரபணு ஒன்றை மட்டும் ஒப்பீடாகக் கொள்ளாதிருக்கவும் விதி வேண்டும். அது உருவாக்குவது, குளுக்கோஸைச் சிதைக்கும் கிளைக்காலிசிஸ் பாதையின் நொதி; தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ் திரும்புவதும் அப்பாதைக்கே.

வசதியில்லாத கல்லூரிகள் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ரொட்டி ஈஸ்ட் போதும். குளுக்கோஸ் கலந்த அகாரில் ஈஸ்ட் நொதித்தலை நம்பியே வளரும். கிளிசரால் கலந்ததில் மைட்டோகாண்ட்ரிய சுவாசம் இல்லாமல் வளராது. சாறு சேர்த்த பிறகு முதல் தட்டில் வளர்ந்து இரண்டாம் தட்டில் மட்டும் நின்றுபோனால், சாறு மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறதோ என்று ஐயுற இடமுண்டு. கரைப்பானுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். இன்னும் ஒரு படி போக விரும்புவோர், காலையில் கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ஈரலைக் குளிர்ந்த சுக்ரோஸ் கரைசலில் அரைத்து, மையவிலக்கால் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, நீலச் சாயமான டி.சி.பி.ஐ.பி. வெளிறும் வேகத்தைக் கொண்டு சக்சினேட் டிஹைட்ரஜனேஸை அளக்கலாம். அந்த நொதியைத் தடுக்கும் மலோனேட்டால் அந்த வேகம் குறைவதைப் பார்த்தால் சோதனை சரியாக நடக்கிறது என்பதும் உறுதியாகும்.

செடியின் பெயரை உறுதிசெய்த உலர்மாதிரி ஒன்றைத் துறையில் வைக்கவும் சொல்லுங்கள். நொச்சி வயல் ஓரத்திலேயே கிடைக்கும். தலைப்பில் மலையின் பெயர் வர வேண்டும் என்பதற்காக ஏற்காடு வரை போய்ப் பறிக்க வேண்டியதில்லை.

வெண்கருச் சோதனை மட்டும் செய்தவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. அவர்கள் தலைப்பில் வெண்கருப் புரதம் திரள்வது குறைந்தது என்று மட்டும் எழுதட்டும். தலைப்புகள் ஒப்புதலுக்கு வருவதற்கு முன்பே இத்திருத்தம் துறைகளுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மாணவர்களுக்குப் பயன்படும். ஈஸ்ட், ஈரல் சோதனைகளுக்கான செய்முறைக் குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர ஆயத்தமாக உள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர், சேலம்