சரசுவுக்கு, பத்தாங்காலியிலிருந்து

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்தது. லிஃப்ட் மறுபடியும் பழுதாகி உன் வீட்டுக்கார அண்ணன் அத்தனை மாடியும் நடந்தே ஏறினார் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. முழங்கால் வலியோடு அவர் எப்படி ஏறினாரோ! "பேசாம உங்க ஊருக்கே வந்துரலாமானு யோசிக்கிறோம்" என்று நீ எழுதியிருந்ததை இவரிடம் வாசித்துக் காட்டினேன். எப்போது வருகிறார்கள் என்றுதான் உடனே கேட்டார்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆயாக் கொட்டகையில் தூங்கி, ஒரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தவர்கள் நாம். வயதான காலத்தில் நீ அடுத்த தெருவில் இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்! ஆனால் நீங்கள் எடுக்கப்போவது அண்ணனின் ஆயுள் சேமிப்பான ஈபிஎஃப் (சேமநிதி) பணம். அதனால் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீ கேட்டிருந்த அந்தப் புக்கிட் பெருந்தோங் வீடு வேண்டாம் சரசு. விலை மலிவுதான், வீடும் பெரிதுதான். பெரிய நகரமாகப் போகிறது என்ற நம்பிக்கையில் 1990களில் அங்கே ஏராளமான வீடுகளைக் கட்டினார்கள். 1997 பண நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. இப்போது குடும்பங்கள் இருக்கின்றன, கடைகண்ணி இருக்கிறது, நல்லபடியாக வாழ்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. நீ கார் ஓட்டுவதில்லை. அண்ணனுக்கோ இரவில் கண் கூசுகிறது என்கிறாய். இன்னும் ஐந்து வருஷம் கழித்து யார் ஓட்டுவது? கிராப் டாக்சி இருக்கிறதே என்று உன் மகள் சொல்வாள். உங்கள் கோலாலம்பூர் செந்தூலில் கூப்பிட்டதும் வருகிற மாதிரி இந்தப் பக்கம் வராது. மழை பிடித்துவிட்டால் சுத்தமாகக் கிடைக்காது.

வருவதென்றால் கொமுட்டர் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார். வீடு சின்னதாக, பழசாக இருந்தாலும் பரவாயில்லை. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

பத்தாங்காலியில் ஏறினால் செரண்டா, ரவாங், குவாங், அடுத்தது சுங்கை பூலோ. அங்கே இறங்கி எம்ஆர்டி நகர ரயிலுக்கு மாறிக்கொள். 2023-இல் முழுசாகத் திறந்தார்களே, அந்தப் புத்ராஜெயா தடம். உங்கள் செந்தூல் பாராட் ஸ்டேஷனைத் தாண்டி, தித்திவங்சாவுக்கு அடுத்த ஸ்டேஷன் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி. அண்ணனின் கிட்னி கிளினிக்குக்கு யாரையும் எதிர்பார்க்காமல் நீங்கள் இரண்டு பேருமே போய் வந்துவிடலாம். பார்க்கிங் தேடி அலைய வேண்டாம். 60 வயதுக்காரர்களுக்குக் கொமுட்டரில் பாதிக் கட்டணம். ஆனால் நீ வைத்திருக்கும் மை50 மாதப் பாஸ் எம்ஆர்டி, எல்ஆர்டி, ரேப்பிட் பஸ்ஸோடு சரி, கொமுட்டருக்குச் செல்லாது. அந்தச் செலவைத் தனியாகப் போட்டுக்கொள்.

ரயிலைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். ரவாங்குக்கு வடக்கே ரயில் அடிக்கடி கிடையாது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். விடியற்காலையில் ஸ்டேஷன் வாசலில் வந்து பார். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும். நாசி லெமாக் விற்கிற அக்கா சில்லறையைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டே பொட்டலம் நீட்டுவார். யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. எல்லாரும் கே.எல். என்கிற கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் இதே முகங்கள் வாடிப்போய் இறங்கும். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் பாரம்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். உன் மகள் தினமும் இங்கிருந்து போய்வர வேண்டும் என்று மட்டும் நினைக்காதே, அவள் அங்கேயே ரூம் எடுத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு அப்படியில்லை. மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, அதுவும் கூட்டம் குறைந்த பிறகு போனால் போதும்.

மருந்துக்காக ஒவ்வொரு முறையும் கே.எல். ஓட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி ஃபார்மசியில் சொன்னால், மீதி மாத மருந்தை நம் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள எழுதிக் கொடுப்பார்கள். சாதாரணக் காய்ச்சல் தலைவலிக்கு அதே கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்). கொஞ்சம் பெரிதாக ஏதாவது என்றால் கோலா குபு பாருவில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பத்தாங்காலி என்றாலே மகள் பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். 2022 டிசம்பரில் அந்த மண்சரிவில் 31 பேர் போனார்களே, அதைத்தான் சொல்கிறாள். யார்தான் மறப்பார்கள்? அது கெந்திங்குக்கு ஏறுகிற மலைப்பாதையில், கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இடத்தில் நடந்தது. டவுன் கீழே இருக்கிறது. ஆனாலும் மலையடிவாரம், மழை அதிகம். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால், கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஓட வேண்டும். வீடு பார்க்கும்போது பின்பக்கம் கால்வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் ஏறியதுண்டா என்று கேள். விற்கிறவர் சொல்வதை நம்பாதே.

கிராண்ட் (வீட்டுப் பட்டா) விஷயத்தில் அவசரமே வேண்டாம். கோலா குபு பாரு நில அலுவலகத்தில் பதிவைத் தேடிப் பார்க்கிற ஒரு சர்ச் எடுத்தால் ஃப்ரீஹோல்டா (முழுச் சொந்தம்), லீஸ்ஹோல்டா (குத்தகை நிலம்), கடன் ஏதும் மேலே இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். லீஸ்ஹோல்டு என்றால் பெயர் மாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். மூன்று லட்சம் வெள்ளி வீட்டுக்குப் பெயர் மாற்ற முத்திரை வரியே 5,000 வெள்ளி வரும். முதல் லட்சத்துக்கு நூற்றுக்கு ஒன்று, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை நூற்றுக்கு இரண்டு. வக்கீல் செலவு வேறு. புக்கிட் தாகார் பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருஷம் அலைந்தார்கள்! தோட்டத்துக்கே உழைத்த நம் அப்பா அம்மாவுக்குக் கடைசி வரை ஒரு கதவுகூட சொந்தமில்லை. நம் பெயரில் வருகிற கிராண்டாவது வில்லங்கமில்லாமல் வரட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். செந்தூல் வீட்டை விற்காதீர்கள். தீபாவளி, பள்ளி விடுமுறை, மழைக்காலம் எல்லாம் ஒரு சுற்று வந்து போகட்டும்.

தோட்டம் இருக்கும் என்று நினைத்து மட்டும் வராதே. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது நீ இருக்கும்போதே. இப்போது குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியக்காரர்களும் வங்காளதேசப் பிள்ளைகளும்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணியடித்தால் எழுந்து ஓடிய நம் ஆட்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள், அன்றைக்குக் கோயிலில் நிற்க இடமிருக்காது. மற்ற நாளில் விளக்குப் போட நாங்கள் நாலைந்து பெண்கள்தான். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். என் தொண்டை முன்போல் இல்லை, மேலே எடுக்க முடியவில்லை. நீ பாடினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். இங்கே உனக்கு வேலை இருக்கிறது, அதனால்தான் கூப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்காதே, அன்றைக்கு எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணனோடு கொமுட்டரில் வா. ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்கு நடந்தே போவோம், அவர் முழங்கால் தாங்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். மறக்காமல் மருந்து அட்டையைக் கொண்டு வரச் சொல். கிளினிக்கில் எந்த மருந்து கிடைக்கும் என்று அன்றைக்கே கேட்டுவிடலாம்.

அன்புடன்,
மங்கை