குலெஷோவ் பாடத்தில் பெயரின்றி நிற்கும் நடிகருக்காக

திரைப்படக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். படத்தொகுப்பைப் பற்றிய முதல் வகுப்பிலேயே நீங்கள் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் சோதனையை எடுத்துச் சொல்கிறீர்கள். ஒருவரின் முகம், ஒரு கிண்ணம் சூப், மீண்டும் அதே முகம், பிறகு ஒரு சவப்பெட்டி. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் பார்த்தவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் கண்டார்கள் என்று பாடம் முடிகிறது. அந்த முகத்துக்கு உரியவரான இவான் மொஸ்ஜூகின் எத்தகைய நடிகர் என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1889இல் ரஷ்யாவின் இன்றைய பென்சா பகுதியில் பிறந்து, மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த சட்டப்படிப்பைக் கைவிட்டு நாடக மேடைக்குப் போன இவர், புரட்சிக்கு முந்தைய ரஷ்யத் திரையின் முதல் வரிசை நட்சத்திரமாக உயர்ந்தார். டால்ஸ்டாயின் கதையைக் கொண்டு புரொடசனோவ் இயக்கிய ‘ஃபாதர் செர்கியஸ்’ படத்தில், மிடுக்கான இளம் அதிகாரியாகத் தொடங்கி முதிய துறவியாக முடியும் ஒரு முழு வாழ்க்கையை நடித்துக் காட்டினார். குலெஷோவ் கையில் எடுத்தது இவருடைய பழைய படச்சுருள்தான். உணர்ச்சி எதையும் காட்டாத, அசைவற்ற குளோசப்புகளையே தேர்ந்தெடுத்ததாக சோவியத் இயக்குநர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். வெறுமையான முகமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டால், நடிகர் என்பவர் வெட்டி ஒட்டுவதற்கான கச்சாப்பொருள் மட்டுமே என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. சோதனையின் மூலப்படம் இன்று இல்லை. சூப்புக்கும் சவப்பெட்டிக்கும் அடுத்து முகத்தோடு இணைக்கப்பட்ட மூன்றாவது காட்சி எது என்பதிலேயே சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபாடு இருக்கிறது. இதையும் நாம் அழுத்திச் சொல்வதில்லை.

1920இல் தயாரிப்பாளர் யெர்மோலியெவின் குழுவினரோடு யால்டாவிலிருந்து கப்பலேறிய மொஸ்ஜூகின் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். பாரிஸை ஒட்டிய மோந்த்ரேயில் அக்குழுவினர் நடத்திய படப்பிடிப்புக்கூடம், 1922இல் அல்பத்ரோஸ் நிறுவனமாக மாறியது. மறு ஆண்டே மொஸ்ஜூகின் தாமே எழுதி, இயக்கி, பல வேடங்களில் நடித்த ஒரு படத்தை வெளியிட்டார். மட்பாண்டத் தொழிலை விட்டுத் திரைத்துறைக்கு வரும் முடிவைத் தம்மை எடுக்கவைத்தது அந்தப் படமே என்று பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் பின்னாளில் எழுதினார்.

1924இல் வந்த ‘கீன்’ படத்தை நான் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. ஆங்கில மேடை நடிகர் எட்மண்ட் கீனாக அதில் நடித்த மொஸ்ஜூகின், ஒரு மதுக்கூடத்தில் மாலுமிகளோடு சேர்ந்து ஆடத் தொடங்குகிறார். ஆட்டம் வேகம் பிடிக்கப் பிடிக்கக் காட்சித் துண்டுகளும் குறுகிக்கொண்டே போகின்றன. அந்த வெட்டுகளின் தாளம் அவருடைய உடலிலிருந்தும் கண்களிலிருந்தும்தான் பிறக்கிறது. படத்தொகுப்பும் நடிப்பும் ஒன்றையொன்று உயர்த்துவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் குலெஷோவ் பயன்படுத்திய அதே முகம்!

அதன் பிறகு யூனிவர்சல் நிறுவனத்துக்காக ஹாலிவுட்டில் நடித்தது 1927இல் வெளிவந்த ஒரே ஒரு படம். அடுத்துச் சில ஆண்டுகள் ஜெர்மனியில் கழிந்தன. மௌனப்படம் இருந்தவரை எந்த நாட்டுக் கொட்டகையிலும் அவருக்கு மொழி தடையாக இருக்கவில்லை. பேசும்படம் வந்ததும், பிரெஞ்சு பேசினால் ஒலித்த ரஷ்ய வாடை அவருடைய வாய்ப்புகளைப் பறித்தது. 1939 ஜனவரியில், காசநோயால், பாரிஸை அடுத்த நெயியில் இறந்தார்.

அல்பத்ரோஸ் படங்களைப் பிரெஞ்சு சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகம் பாதுகாத்துச் சீரமைத்திருப்பதால், பார்க்கக் கிடைக்காதவை என்று அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. குலெஷோவைக் கற்பிக்கும் நாளில் ‘கீன்’ படத்தின் அந்த மதுக்கூடக் காட்சியையும் திரையிடுங்கள்; நடிகரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள்; அந்த முகத்தில் உண்மையில் எதுவுமே இல்லையா என்ற கேள்வியை மாணவர்களிடமே விடுங்கள். பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுக்களில் இருப்பவர்கள் ‘கீன்’ படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்க்குமாறும் வேண்டுகிறேன்.

அன்புடன்,
மௌனப்பட ஆர்வலர் ஒருவர்