தரம் பிரித்துத் தரும் குப்பையின் கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்,
14-வது வார்டு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தரம் பிரித்துப் பெறப்படும் குப்பையின் கணக்கை வார்டு வாரியாக வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு எனப் பிரித்துத் தருவதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாரின் கடமையாக்கின. எங்கள் வார்டிலும் பல வீடுகள் அவ்வாறே செய்துவந்தன. இப்போது அந்தப் பழக்கம் தேய்ந்து வருகிறது. விழிப்புணர்வு இல்லாததால் அல்ல. காய்கறித் தோலைப் பச்சைத் தொட்டியிலும், கழுவிக் காயவைத்த பால் கவரை நீலத் தொட்டியிலும் கொண்டுவந்து கொடுப்பவர், இரண்டும் வண்டியில் ஒரே சாக்கில் விழுவதைக் கண்ணெதிரே பார்க்கிறார். அதன்பின் எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் அவர் பிரித்துத் தரப்போவதில்லை.

தூய்மைப் பணியாளர்கள் மீது நாங்கள் குறை சொல்லவில்லை. தடுப்பே இல்லாத வண்டியைக் கொடுத்துவிட்டு, குப்பை கலந்துவிட்டது என்று அவர்களைக் கடிவது நியாயமாகாது. ஆகவே பேட்டரி வண்டிகள் அனைத்திலும் தடுப்பு அமைத்து, நாப்கின், டயப்பர், உடைந்த பல்பு போன்றவற்றுக்கு மூடியுள்ள தனித் தொட்டி வைத்துத் தருமாறு முதலில் வேண்டுகிறோம்.

இதனினும் முக்கியமானது கணக்கு. எங்கள் வார்டிலிருந்து நுண் உரக் கூடத்துக்கு வந்த மக்கும் குப்பை எத்தனை கிலோ, அதிலிருந்து கிடைத்த உரம் எவ்வளவு, விற்பனையான அட்டை, பாட்டில், இரும்பு எவ்வளவு, எதற்கும் பயன்படாமல் குப்பைக் கிடங்குக்குப் போனது எவ்வளவு என்பதை வாரந்தோறும் எடைபோட்டு, வார்டு அலுவலக வாசலிலும் உரக் கூடத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். கடைசியாகக் குறிப்பிட்ட எண்ணை மறைக்க வேண்டாம் என்று தனியே கேட்டுக்கொள்கிறோம். வெற்றியை மட்டும் எழுதும் பலகையை எங்கள் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வண்டி பழுதாகிக் குப்பை கலந்து போன நாளையும் அவ்வாறே எழுதிவிடலாம்.

சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளைப் பழைய பொருள் கடைக்காரர்கள் வாங்குவதில்லை. எரிதிறன் மிக்க அத்தகைய கழிவைக் கிடங்கில் கொட்டாமல் எரிபொருளாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே மேற்கண்ட விதிகளின் ஏற்பாடு. நம் நகரில் அவை சிமெண்ட் ஆலைக்குச் செல்கின்றனவா, கிடங்கிலேயே தங்குகின்றனவா என்பதை மக்களுக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும்.

மாதம் ஒரு சனிக்கிழமை உரக் கூடத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கவும், அங்கு தயாராகும் உரத்தை மாடித் தோட்டம் வைத்திருக்கும் வார்டு மக்களுக்கு முன்னுரிமை தந்து வழங்கவும் வேண்டுகிறோம். தாம் கொடுத்த தோலும் தழையும் உரமாகித் தம் கைக்கே திரும்பி வந்தால், சந்தேகத்துக்கு இடமிருக்காது.

கேட்பதற்கு முன்பே அலுவலகங்கள் தாமாகத் தகவலை வெளியிட வேண்டும் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு கூறுகிறது. அதன்படி இக்கணக்கை ஒவ்வொரு பகுதி சபைக் கூட்டத்திலும் சுகாதார ஆய்வாளர் வாசித்து, மக்களின் கேள்விகளுக்கு அங்கேயே பதிலளிக்க ஆணையிடுமாறு கோருகிறோம். பலகைக்கும் அதை எழுதும் பணிக்கும் எங்கள் சங்கம் பொறுப்பேற்கும். எடை இயந்திரத்தையும் முறையான பதிவேட்டையும் நகராட்சி வழங்கினால், அடுத்த மாதமே எங்கள் வார்டில் இதைத் தொடங்கிவிடலாம்.

நன்றி.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்,
14-வது வார்டு.