மயில்ராவணனைப் பார்த்தேன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. அம்மாவுக்குக் காதுதான் மந்தம், ஞாபகம் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

டிசம்பரில் தங்கச்சியோடு பாங்காக் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போய் வா. வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் மாதம் அது. நான் கிளம்பும்போது பழைய ஆபீஸ்காரர்கள் கண்ணடித்தார்கள். "வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டா போறீங்க?" என்று ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார். உன்னிடமும் கேட்பார்கள், சிரித்துவிட்டுப் போ.

முதல் நாளே ஏமாந்தேன். மன்னரின் பெரிய அரண்மனை மதிலோரம் நடந்துகொண்டிருந்தபோது, சட்டையை இன் பண்ணிய ஒரு பெரியவர், "இன்று பூஜை, மத்தியானம் வரை மூடல்" என்றார். முகத்தைப் பார்த்தால் வாத்தியார் மாதிரி இருந்தார். அவரே டுக்டுக் பிடித்துக் கொடுத்தார். அது எங்களை ஏதோ புத்தர் கோயிலைக் காட்டிவிட்டு ரத்தினக் கல் கடையில் கொண்டுபோய் இறக்கியது. கமலா இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். "நம்ம ஊர்ல இல்லாத கல்லா?" என்று எழுந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் அரண்மனை காலை எட்டரையிலிருந்து திறந்தே இருக்கிறது! வாசல்வரை போய்ப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதே. மத்தியானம் மூன்றரைக்கு டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள். நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு 500 பாட். அரைக்கால் சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள்.

உள்ளே இருக்கும் கோயிலில் எல்லாரும் மரகத புத்தரைப் பார்க்க முண்டியடிக்கிறார்கள். சிலை 66 சென்டிமீட்டர்தான். வெயில், மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை மன்னரே வந்து உடை மாற்றுவாராம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது வெளிப் பிராகாரம்.

சுற்றுச் சுவர் முழுக்க ராமாயணம், 178 ஓவியங்கள். ராமகியன் என்று பெயர். ராமர் அங்கே பிரா ராம், ராவணன் தோத்சகன். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் அனுமார் மலையளவு வளர்ந்து, வாயைத் திறந்து வைத்திருக்கிறார். வாய்க்குள் ராமருடைய கூடாரம் பத்திரமாக இருக்கிறது. இது எந்தக் காண்டத்தில் வருகிறது என்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம் சட்டென்று புரிந்தது. உன் வீட்டுத் திண்ணையில், கரண்ட் போன ராத்திரிகளில் அம்மா சொல்வாரே, மயில்ராவணன் கதை! அதேதான். அங்கே அவன் பெயர் மையராப். வால்மீகியிலும் இல்லாத, கம்பரிலும் இல்லாத கதை அரண்மனைக் கோயில் சுவரில் தங்கப் பூச்சோடு இருக்கிறது.

அம்மா சொன்னதில் அனுமார் வாலையே கோட்டையாகச் சுற்றிவைப்பார், மயில்ராவணன் விபீஷணன் வேஷத்தில் உள்ளே நுழைவான். இங்கே வாய்தான் கோட்டை. மையராப் ஊதுகுழலில் மயக்கப் பொடியை ஊதி எல்லாரையும் தூங்கவைத்துவிட்டு ராமரைத் தூக்கிக்கொண்டு பாதாளத்துக்குப் போய்விடுகிறான். காவலுக்கு நிற்பது அனுமாரின் மகன். நம் கதையில் வியர்வைத் துளியை மீன் விழுங்கிப் பிறந்த பிள்ளை, அதனால் பிரம்மச்சரியத்துக்குப் பங்கமில்லை. அந்த ஊர் அனுமார் அப்படியெல்லாம் சுற்றி வளைப்பதில்லை. ராவணன் மகளான ஒரு மீன்கன்னியைக் காதலித்தே பெற்றிருக்கிறார். கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிராகாரத்திலேயே ரெண்டு மணி நேரம் போய்விட்டது. அதே டிக்கெட்டில் சாலா சலெர்ம்குருங் அரங்கில் கோன் என்னும் முகமூடி நடனமும் பார்க்கலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே.

வாட் அருண், வாட் போ ஆகிய புத்தர் கோயில்களைப் பற்றி எந்த வழிகாட்டியும் சொல்வான். வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், அவ்வளவு போதும். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஆற்றில் போ. நடத்துனர் சில்லறைக் குழாயைக் குலுக்கிக்கொண்டு வருவார், துறை வந்ததும் விசிலடிப்பார்கள். மாநகரப் பேருந்து நினைவு வந்தது.

வாட் சுதாத் எதிரே சிவப்பாக, ஓங்கி நிற்கும் இரண்டு தேக்குத் தூண்களை மட்டும் தவறவிடாதே. ராட்சத ஊஞ்சல் என்பார்கள், ஆனால் ஊஞ்சல் இல்லை. மூங்கில் உச்சியில் கட்டிய பண முடிப்பை ஆடியபடியே பல்லால் கவ்வும் சடங்கு 1935-ஓடு நின்றுபோனது. அந்த விழாவின் பெயர் திரியம்பவாய். பக்கத்திலேயே 1784-இல் கட்டிய பிராமணர் கோயில். சொல்லிப் பார், திரியம்பவாய், திருவெம்பாவை. அவர்களுக்கும் மார்கழியை ஒட்டித்தான்.

சரி, ராத்திரிக்கு வருகிறேன். பட்பாங் என்னும் கேளிக்கைத் தெரு வழியாகக் கமலாவோடுதான் நடந்தேன். நடுவில் பனியன் கடைகள், இருபுறமும் பார்கள். மாடியில் நடக்கும் ஆட்டங்களின் பட்டியல் அட்டையை நீட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள். மாடியேறினால் பில் எவ்வளவு என்பது இறங்கும்போதுதான் தெரியும் என்கிறார்கள். நாங்கள் ஏறவில்லை. எனக்கு அந்தத் தெரு சோர்வாகத்தான் இருந்தது.

அதற்குப் பதில் ராஜதம்னர்ன் அரங்குக்குப் போ, 1945-இலிருந்து தாய்லாந்துக் குத்துச்சண்டை நடக்கும் இடம். சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் குருவை வணங்கி மெதுவாக ஆடுகிறார்கள். பி என்னும் குழல் நம் நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி, மத்தளத்தோடு சேர்ந்து சண்டை முழுக்க ஒலிக்கிறது. அடி சூடுபிடித்தால் வாசிப்பும் சூடுபிடிக்கிறது. முழங்கால் இடி இறங்கும்போதெல்லாம் கூட்டம் "ஓய்!" என்று கத்துகிறது. மூன்றாவது சண்டையில் கமலாவும் கத்தினாள்.

பசித்தால் யாவ்ராத். சீனர் தெரு, இருட்டிய பிறகுதான் விழிக்கும். நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூல், கடாயில் ஆளுயரத் தீ, சிப்பி ஆம்லெட் எனக்கு, மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் கமலாவுக்கு. தங்கச்சி சைவம் அல்லவா? 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீன் சாஸ் விழுந்துவிடும். 'ஜே' என்று சொல், அல்லது சிவப்பு எழுத்துப் போட்ட மஞ்சள் கொடி உள்ள கடையைப் பார். அதில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது.

அம்மாவிடம் கேட்க வேண்டியது இதுதான். அந்தச் சுவரில் அனுமார் தாமரைத் தண்டுக்குள் புகுந்து பாதாளத்துக்கு இறங்குகிறார். அம்மா சொன்ன கதையில் எந்த வழியாக இறங்கினார்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. காதருகே சத்தமாகக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
முத்து